அகன்ற சில்லும் அதற்கேற்ற மேனியும்

அமெரிக்காவின் டொட்ஜ் நிறுவனத்தார் தமது சலெஞ்சர் காரின் 2018ஆம் ஆண்டு வகையொன்றை மூன்றரை அங்குலம் அகலமாக்கி வெளியிட்டனர். 700 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்கு அகன்ற ரயர் வேண்டியிருந்தது. ரயரை மூட மேனியும் விரிந்தது. அக்காரின் உற்பத்தி 2023இல் நின்றுவிட்டது. ஆயினும், சாதாரண சலெஞ்சரை வாங்கித் தம் கையாலேயே அகலமாக்குவோர் உளர்.

அவர்கள் புதிய சில்லுகளைப் பூட்டி, காரைத் தாழ்த்தி, முன்சில்லுகளை இருபுறமும் முற்றாகத் திருப்பிப் பார்த்த பின்னரே உருவத்தைத் தீர்மானித்தல் வேண்டும். பின்னர் மட்காட்டின் மேல் நுரைக்கட்டியை ஒட்டிச் செதுக்குவர். பொதிகட்டும் வெண்ணுரை இதற்கு ஆகாது. பொலியெஸ்ரர் பிசின் பட்டதும் கரைந்துவிடும். செதுக்கிய உருவத்தை மெருகிட்டு, மெழுகு பூசி, கண்ணாடிநாரும் பிசினும் இட்டு அச்செடுப்பர். அச்சினுள்ளே மறுபடியும் அவ்வாறே செய்ய, புதிய தகடு கிடைக்கும். இடப்பக்க அச்சு வலப்பக்கத்துக்கு உதவாது என்பதால் வேலை இரட்டிப்பாகும். இரண்டும் ஒத்திருக்கச் செய்வதிலேதான் பொறுமை சோதிக்கப்படுகிறது.

இனி வெட்டுதல். முன் மட்காட் முறுக்காணிகளாற் பூட்டப்பட்டது. பிழைத்தால் வேறொன்று மாற்றலாம். பின்புறமோ உடலோடு ஒட்டிய பகுதி. அங்கே சில்லின் மேல்விளிம்பை வெட்டும்போது வெளித்தகடும் உட்தகடும் பிரிந்து வாய் திறக்கும். அவ்விடைவெளியை உருக்கி ஒட்டி மூடி, துருத்தடுப்புப் பூச்சும் இடாவிடில், சில்லு வாரியெறியும் சேற்றுநீர் உள்ளே தங்கும். மேலே பொருத்திய அழகிய தகடு, அந்தத் துருவைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடியும் வைத்துவிடும்.