மன்னிக்கப்படாதவன் யார்? 'அன்ஃபர்கிவன்' திரைப்படத்தில் முதுமையும் கழிவிரக்கமும்

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்த 'அன்ஃபர்கிவன்' (1992) சிறந்த திரைப்படம், சிறந்த இயக்கம் உள்ளிட்ட நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. கௌபாய்த் திரைப்பட மரபு கொலைக்கு ஏற்றிவைத்த புகழைக் கலைத்த படைப்பு என அது போற்றப்படுகிறது. ஆயினும் இறுதிக் காட்சி இப்பாராட்டுடன் எளிதில் பொருந்துவதில்லை. கொலையின் அருவருப்பையே பெரும்பகுதியும் காட்டிய படம், முடிவில் நாயகன் தனியொருவனாக மதுக்கூடத்தில் நுழைந்து ஐவரைச் சுட்டு வீழ்த்துவதை, அம்மரபின் பார்வையாளர் எதிர்பார்க்கும் விறுவிறுப்புடனேயே காட்டுகிறது. இம்முரண் படைப்பின் குறையா, அதன் கருத்தா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதை 1880இல், வயோமிங்கின் பிக் விஸ்கி என்னும் கற்பனை ஊரில் தொடங்குகிறது. டிலைலா என்னும் பரத்தையின் முகத்தைக் கௌபாய் ஒருவன் கத்தியால் கீறுகிறான். ஊர்க்காவல் தலைவர் லிட்டில் பில், குதிரைகளை இழப்பீடாக விதிக்கிறார். அவையும் விடுதி உரிமையாளருக்கே உரியனவாகின்றன. சினமுற்ற பெண்கள் ஆயிரம் டாலர் பரிசு அறிவிக்கின்றனர். அதை நாடி வருபவனே வில்லியம் மன்னி: முன்னாள் கொலைஞன், மனைவியை இழந்தவன், பன்றி வளர்ப்போன். (அப்பெயர் தமிழ்ச் செவியில் மன்னிப்புக் கேட்பதாக ஒலிப்பது தற்செயலே.) முதலில் மறுக்கும் அவன், பன்றிகளுக்குக் காய்ச்சல் கண்டதும் இசைகிறான். குதிரையேற இயலாமல் விழுகிறான். கைத்துப்பாக்கியால் குறி தவறியபின் நீள்துப்பாக்கியை எடுக்கிறான்.

மன்னியின் கழிவிரக்கம் போலியன்று. தான் வாயில் சுட்ட ஒருவனின் பற்கள் சிதறியதை அவன் மறக்கவில்லை. காய்ச்சலில் இறந்த மனைவியின் முகத்தைப் புழுக்கள் மூடியிருக்கக் காண்கிறான். எனினும், தான் பழைய மனிதன் அல்லன் என்று மீண்டும் மீண்டும் கூறும்போதெல்லாம் மனைவி கிளாடியாவையே சான்றாக்குகிறான். அவன் திருந்தியது அவளால். குடியை விட்டதும் அவளால். அவளோ 1878இல் அம்மையால் இறந்துவிட்டாள். ஆக, அவனது ஒழுக்கம் இரவலாகப் பெற்றது. படத்தின் புதிருக்கான திறவுகோல் இங்கேயே உள்ளது.

டேவி என்னும் இளைஞனின் கொலை இதனை உறுதிசெய்கிறது. கத்தியை எடுத்தவன் அவனல்லன். டிலைலாவுக்கென நல்லதொரு குதிரைக்குட்டியைக் கொணர்ந்தவன். நண்பன் நெட் சுட மனமின்றித் துப்பாக்கியைத் தாழ்த்த, மன்னி அதை வாங்கிச் சுடுகிறான். வயிற்றில் குண்டு பாய்ந்த டேவி தண்ணீர் கேட்டுக் கதறுகிறான். அவனுக்குத் தண்ணீர் கொடுக்குமாறு மறைந்திருக்கும் தோழர்களிடம் மன்னியே கத்துகிறான். சுடமாட்டேன் என உறுதியும் தருகிறான். இரக்கம் இருக்கிறது, ஆனால் அது கையைத் தடுக்கவில்லை. கழிவிரக்கம் மனிதனை மாற்றும் என்னும் நம்பிக்கையை இவ்வளவு அமைதியாக மறுக்கும் காட்சிகள் அரிது.

நெட் சித்திரவதையால் இறந்த செய்தி வரும்போது, மன்னி புட்டியை வாங்கிக் குடிக்கத் தொடங்குகிறான். வசனம் எதுவும் இம்மாற்றத்தை விளக்குவதில்லை. பின்னர் மதுக்கூடத்தில் அவனது முதல் குண்டு ஆயுதமற்ற விடுதி உரிமையாளன் மீதே பாய்கிறது. ஆகவே அக்காட்சியின் விறுவிறுப்பு வீரத்தின் மீட்சியன்று. தாங்கி நின்ற கம்பு முறிந்தபின் நிகழும் சரிவு. அதைக் கண்டு பார்வையாளர் கிளர்ச்சியுறுவதையும் படம் கணக்கில் கொண்டுள்ளது என்பதே என் கருத்து. கொலைகள் முடிந்த கணமே எழுத்தாளர் பியூசாம்ப், யாரை முதலில் கொன்றாய் என்று ஆவலுடன் வினவுகிறார். பிணங்களிடையே புத்தகம் பிறக்கிறது. மன்னியோ, கொல்வதில் தனக்கு எப்போதும் அதிர்ஷ்டம் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறான்.

இச்சொற்சிக்கனம் முக்கியமானது. ஏனெனில் படம் முழுவதும் சொற்கள் பெருகிக்கொண்டே செல்கின்றன: டிலைலாவின் காயம் ஒவ்வொரு வாயிலும் வளர்ந்து, கண் பிடுங்கப்பட்டதாகவும் காது அறுக்கப்பட்டதாகவும் ஆகிறது. மன்னி புறப்பட்டதே அப்பொய்யை நம்பித்தான்.

லியோனே, சீகல் ஆகிய தம் இயக்குநர்களுக்கு ஈஸ்ட்வுட் இப்படத்தைக் காணிக்கையாக்கினார். அவர்களது படங்களில் துப்பாக்கியேந்திய கையே இங்கு முதுமையால் நடுங்குகிறது. இறுதித் திரையெழுத்து, மன்னி சான் பிரான்சிஸ்கோவில் துணி முதலிய சரக்கு வணிகத்தில் செழித்ததாகப் பேச்சு நிலவியதைக் கூறுகிறது. கிளாடியாவின் தாய் மகளின் கல்லறைக்கு வருகிறார். கொலைஞனை அவள் ஏன் மணந்தாள் என்பதற்கு அங்கு எந்த விளக்கமும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை.