பாரடேயின் சிவப்புத் தங்கம்
ராயல் இன்ஸ்டிடியூஷன், லண்டன். 1856

இந்தக் குப்பியின் மாணிக்கச் சிவப்புக்குக் காரணம் தங்கம்தான். தங்கக் குளோரைடு கரைசலில் மைக்கேல் பாரடே பாஸ்பரஸைச் சேர்த்தார், கரைசல் சிவந்தது. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களே இந்த நிறத்தைத் தருகின்றன என்று 1857இல் அவர் அறிவித்தார். அன்றைய நுண்ணோக்கி எதுவும் அவற்றைக் காட்டவில்லை. ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, அது கரைசலுக்குள் சிதறுவதைப் பார்த்தே கண்டுகொண்டார். கைவசம் இருந்த கருவியை மீறிச் சென்ற அபாரமான ஊகம் இது.

துகள் எப்படிப் பிறக்கிறது? தங்க அயனிகள் எலக்ட்ரான்களைப் பெற்று அணுக்களாகின்றன. கரைசலில் அணுக்கள் அளவுமீறிப் பெருகும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மிகச் சிறிய திரள்கள் மீண்டும் கரைந்துபோகும். ஓர் எல்லையைத் தாண்டியவை மட்டும் கருவாக நிலைத்து, அடுத்து வரும் அணுக்களைச் சேர்த்துக்கொண்டு வளர்கின்றன.

1951இல் ஜான் டர்கெவிச் குழுவினர் கொதிக்கும் தங்கக் கரைசலில் சோடியம் சிட்ரேட்டை ஊற்றி, துகள்களின் வளர்ச்சியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். அந்த முறையில் கரைசலின் இளமஞ்சள் மறைந்து, சற்று நேரம் நிறமற்று நின்று, கருநீலச் சாம்பலாகி, ஊதாவாகி, கடைசியில் சிவக்கும். துகளின் குறுக்களவு ஏறத்தாழ 20 நானோமீட்டர்.

துகள்களின் மேற்பரப்பிலுள்ள எதிர் மின்னூட்டம் அவற்றை விலக்கி வைக்கிறது. உப்பு சேர்ந்தால் அந்த விலக்கம் தளர்ந்து, துகள்கள் கூடி, சிவப்பு நீலமாகிவிடும். இந்த நிறமாற்றத்தையும் பாரடே பதிவு செய்திருக்கிறார்.