எங்கள் பறவைப் பாடம் ஏன் திறக்கவில்லை?



2004-ஆம் ஆண்டு நடந்த கதை இது. அப்போது நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர். எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஊர்க் குளத்துப் பறவைகளைப் பற்றிக் கணினியில் ஒரு பாடம் தயாரித்தார்கள். நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி, நாமக்கோழி என்று ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பக்கம். இரண்டு மாத உழைப்பு! அதை ஒரு சி.டி.யில் பதிந்துகொண்டு, பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் பெருமையோடு போனோம்.

அங்கே சி.டி.யைப் போட்டதும் என்ன தெரிந்தது தெரியுமா? தமிழ் எழுத்துகளைக் காணோம். ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடும் கலந்த கிறுக்கல்! படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளின் முகம் வாடிப் போயிற்று.

வீட்டு பல்பை நினைத்துப் பாருங்கள். தாத்தா காலத்து ஹோல்டரில் இன்றைய எல்.இ.டி. பல்பும் பொருந்துகிறது அல்லவா? எல்லோரும் ஒரே அளவை ஒத்துக்கொண்டதுதான் காரணம். இப்படிப் பொதுவாக ஒத்துக்கொண்ட விதிக்குத் 'தரநிலை' என்று பெயர். எங்கள் சி.டி.யில் இல்லாதது அதுதான்.

முதல் குறை, எழுத்து. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்களைத் தயாரித்தவர்கள் ஆளுக்கொரு விதமாக எண் கொடுத்திருந்தார்கள். எங்கள் கணினியில் 'க' என்று காட்டிய எண், அங்கே வேறு எதையோ காட்டியது! இதற்கு மருந்து யூனிகோட். 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. யூனிகோடில் 'க' என்றால் உலகம் முழுவதும் 2965 என்ற எண்தான். 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது குறை, படங்கள். அவற்றை எங்கள் கணினியிலேயே விட்டுவிட்டோம்! ஊருக்குக் கிளம்பும்போது அம்மா பட்டியல் போட்டுப் பெட்டி அடுக்குவார் இல்லையா? கணினிப் பாடத்துக்கும் அப்படி ஒரு முறை உண்டு. அதன் பெயர் ஸ்கார்ம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் 2000-ல் அதன் முதல் பதிப்பு வந்தது. பாடத்தின் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும். உள்ளே என்னென்ன இருக்கின்றன, எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்ற பட்டியலும் கூடவே இருக்க வேண்டும்.

மூன்றாவது குறை, பெயர். எங்கள் கோப்பின் பெயர் 'புதுசு1'. அதைப் பார்த்தால் யாருக்கு என்ன புரியும்? நோட்டுப் புத்தகத்தில் லேபிள் ஒட்டுவது போலப் பாடத்துக்கும் லேபிள் வேண்டும். அதற்கு 'டப்ளின் கோர்' என்ற தரநிலை உண்டு. தலைப்பு, படைத்தவர், தேதி, மொழி என்று மொத்தம் 15 விவரங்கள். டப்ளின் என்றதும் அயர்லாந்து நாட்டுத் தலைநகரை நினைக்காதீர்கள். இது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள ஊர். 1995-ல் அங்கே அறிஞர்கள் கூடிப் பேசியதில்தான் இந்த லேபிள் பிறந்தது.

நாங்கள் கிளம்பும் நேரம், அந்தப் பள்ளி ஆசிரியை கேட்டார்: "சார், சரிசெய்து கொடுத்தால் எங்கள் குளத்துப் பறவைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாமா?"

அடடா! அனுமதி பற்றி நாங்கள் எதுவும் எழுதவில்லையே! இதற்கும் வழி இருக்கிறது. 2002-ல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு ஆயத்த அனுமதிச் சீட்டுகளை வெளியிட்டது. 'எங்கள் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம்' என்பது அவற்றில் ஒன்று.

பிள்ளைகள் சோர்ந்துவிடவில்லை. பாடம் முழுவதையும் யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்தார்கள். எல்லாக் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்தார்கள். பட்டியல், லேபிள், அனுமதி மூன்றையும் எழுதினார்கள். மீன்கொத்திப் படம் மட்டும் எங்கோ தொலைந்துவிட்டது. ஒரு மாணவன் அதைக் கையால் வரைந்து கொடுத்தான்.

அடுத்த ஆண்டு அந்தப் பாடம் எங்களிடமே திரும்பி வந்தது. அதில் முக்குளிப்பானும் அரிவாள்மூக்கனும் புதிதாகச் சேர்ந்திருந்தன. கீழே இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. அதைப் படித்தபோது எங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

செய்து பாருங்கள்: நீங்கள் தயாரித்த கட்டுரையையோ படத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, செய்தவர், தேதி, மொழி, யார் பயன்படுத்தலாம் என்ற ஐந்து விவரங்களை எழுதுங்கள். பிறகு நண்பரிடம் கொடுங்கள். உங்களிடம் எதுவும் கேட்காமலே அவருக்குப் புரிந்தால், நீங்கள் ஒட்டிய லேபிள் சரி!