மெட்ராஸ் ஐ இல்லை, இமை அழற்சி!

போன ஆடி மாதம் என் கண் சிவந்திருந்தபோது, "மெட்ராஸ் ஐ, கிட்டப் போகாதே" என்று என்னைக் கடைசி பெஞ்சில் தனியா உட்கார வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா? யார் மேலும் கோபம் இல்லை. (கொஞ்சம் இருந்தது.) ஆனால் எனக்கு வந்தது மெட்ராஸ் ஐயே இல்லை.

அம்மா என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாங்க. கண் டாக்டரம்மா டார்ச்சை எடுக்கவே இல்லை, முதலில் கேள்விதான். எத்தனை நாளா இருக்கு? ஒரு கண்ணா, ரெண்டுமா? காலையில் அதிகமா, சாயங்காலமா? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கா? முன்னாடி கண்கட்டி வந்திருக்கா? என்ன மருந்து போட்டே? தலையில் பொடுகு உண்டா? பரீட்சை மாதிரி இருந்தது.

மூணு மாசமா விட்டு விட்டு வருது, ரெண்டு கண்ணும்தான் என்றேன். காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கிட்டுத் திறக்காது. மண் விழுந்த மாதிரி உறுத்தும், எரியும், இமை ஓரம் அரிக்கும். அதுக்குள்ள ரெண்டு தடவை கண்கட்டி. வீட்டில் யாருக்கும் இல்லை.

இதுவரை உண்மை. அப்புறம் ரெண்டு பொய் சொன்னேன். பொடுகு இல்லை என்றேன், வெட்கமா இருந்தது. மருந்து எதுவும் போடலை என்றேன். மருந்துக் கடையில் கேட்டு வாங்கின சொட்டு மருந்தை அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு வாரம் போட்டிருந்தேன்! டாக்டரம்மா என் வகிட்டைப் பார்த்துச் சிரிச்சாங்க. "பாப்பா, பொடுகுதான் இங்க முக்கியமான துப்பு" என்றாங்க. சொட்டு மருந்தையும் ஒத்துக்கொண்டேன். அதற்குத்தான் திட்டு. சில சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்குமாம். டாக்டர் சொல்லாமல் நாள்கணக்கில் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும், புரைகூட வரும்.

மெட்ராஸ் ஐ திடீரென்று வரும். வெள்ளை விழியே சிவக்கும், வீட்டில் தெருவில் பரவும், ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். என்னுடையது மாசக்கணக்கு. சிவப்பு அதிகமா இமை ஓரத்தில். டார்ச் அடித்துப் பார்த்தப்ப இமை முடியின் அடியில் செதில் செதிலாக ஒட்டியிருந்தது. நாலைந்து முடி உதிர்ந்தும் போயிருந்தது. இதுதான் இமை அழற்சி. சீட்டில் "பிளெஃபரைட்டிஸ்" என்று எழுதினாங்க. இது பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளாது.

ஒவ்வொரு இமையிலும் 20 முதல் 40 வரை குட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கு. 1666-ல் இவற்றை விவரித்து எழுதிய ஜெர்மன் டாக்டர் ஹைன்ரிக் மைபோம் பெயரைத்தான் இவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணெய், குழம்பு மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி கண்ணீர் மேல் படர்ந்து அதைக் காயாமல் காக்கும். சுரப்பி அடைத்தால் கண் காயும், உறுத்தும், உடனே தண்ணி தண்ணியா வடியும். கண் காய்ந்ததால் கண்ணீர் வருது! எனக்கு இதுதான் ரொம்ப ஆச்சரியம். பொடுகு, தோலில் இருக்கிற பாக்டீரியா, இமை முடிக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி, இதில் எதுவும் காரணமாகலாம்.

மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்தால் உருகுமே, வைத்தியமும் அதே கதைதான். வெதுவெதுப்பான நீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மூடின கண் மேல் 5 முதல் 10 நிமிஷம் வைக்கணும். ஆறினால் மறுபடி நனைக்கணும். பிறகு இமையை முடிப்பக்கமா மெதுவா நீவணும். ஆறின வெந்நீரில் ரெண்டு சொட்டு குழந்தை ஷாம்பு கலந்து, பஞ்சால் முடியின் அடியைத் துடைக்கணும். மை வேண்டாம். தாய்ப்பால் விடு, நந்தியாவட்டைச் சாறு விடு என்று தெருவில் சொன்னதெல்லாம் கூடவே கூடாது என்றாங்க.

பார்வை மங்கினால், வலி அதிகமானால், வெளிச்சம் பார்க்கவே முடியாவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போகணும். வீட்டில் பெரியவங்களுக்கு இமையில் ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தாலும் காட்டணும், அது அபூர்வமா புற்றுநோயாகவும் இருக்கலாமாம்.

முழுசா போயிடும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. தினமும் செய்தால் அடங்கியிருக்குமாம். அதனால் இன்றைக்கும் பல் விளக்கினதும் வெந்நீர்த் துணிதான். உதிர்ந்த இடத்தில் மூணு முடி முளைத்திருக்கு. பார்க்கணும்னா கடைசி பெஞ்சுக்கு வாங்க, எனக்கு இப்ப அந்த இடமே பிடித்துப்போச்சு.

- 9-ஆம் வகுப்பு மாணவி