சொரியாசிஸ் ஊசி: கடன் வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்



முழங்கை, முழங்கால், தலை என்று தோல் சிவந்து தடித்து, மீன் செதில் மாதிரி வெள்ளையாக உதிர்கிறதே, அதுதான் சொரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். இது தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. கூட்டத்தில் பாயில் தள்ளி உட்காருகிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகாததால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இப்போது, "பயாலஜிக் ஊசி போட்டா சுத்தமாப் போயிடுமாமே, குழுவுல கடன் வாங்கிப் போடலாமா?" என்று கேட்கிறார்கள்.

நம் தோல் உதிர்ந்து புதுசு வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தப்பாகக் கட்டளை கொடுப்பதால், சில நாட்களிலேயே தோல் குவிந்துவிடுகிறது. அந்தக் கட்டளையில் ஒன்றை மட்டும் தடுக்கும் புரத மருந்துதான் பயாலஜிக். விழுங்கினால் பருப்பு போலச் செரித்துவிடும் என்பதால் ஊசியாகப் போடுகிறார்கள். எடனெர்செப்ட், அடலிமுமாப் ஆகியவை டி.என்.எஃப். என்ற கட்டளையைத் தடுப்பவை. செகுகினுமாப் தடுப்பது இன்டர்லூகின்-17 என்பதை.

பலன் உண்மையானதுதான். 2014-ல் வெளியான பெரிய ஆய்வுகளில், செகுகினுமாப் முழு அளவில் போட்டுக்கொண்ட 10 பேரில் சுமார் 8 பேருக்கு, 12 வாரத்தில் நோய் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. எடனெர்செப்டில் 10-க்கு 4 பேருக்குத்தான் அப்படி. ஆனால் இது நோயை அடக்கும் மருந்து, வேரோடு பிடுங்கும் மருந்து அல்ல. நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் திரும்பி வந்துவிடுகிறது. செகுகினுமாபை முதலில் வாரம் ஒரு முறையாக ஐந்து தடவை, பிறகு 4 வாரத்துக்கு ஒரு முறை தொடர்ந்து போட வேண்டும். முதல் கடனுக்கு இரண்டு தவணை கட்டுவதற்குள் அடுத்த ஊசி நாள் வந்து நிற்கும். ஆகவே, "முதல் ஊசி எவ்வளவு?" என்று கேட்காதீர்கள், "வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். கொஞ்ச இடத்தில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் களிம்பே போதும். அதிகம் இருந்தால் ஒளி சிகிச்சை, மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை உண்டு. அந்த மாத்திரை வாரம் ஒரு நாள்தான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

பாதுகாப்பு விஷயத்தில் நாம் முதலில் பயப்பட வேண்டியது காசநோய்க்கு. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நோயே இல்லாத பலர் உடம்பிலும் அந்தக் கிருமி வேலி போட்டு அடைத்ததுபோல் தூங்கிக் கிடக்கிறது. அந்த வேலியைத் தாங்குவதும் டி.என்.எஃப். தான். அதைத் தடுத்தால் கிருமி வெளியே வந்துவிடலாம். அதனால் முதல் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான தோல் அல்லது ரத்தப் பரிசோதனை, மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகள் செய்ய வேண்டும். தூங்கும் கிருமி தெரிந்தால் முதலில் அதற்கு மாத்திரை, பிறகுதான் ஊசி. "அதெல்லாம் வேணாம்மா, இன்னிக்கே போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். போட ஆரம்பித்த பிறகு இரண்டு வார இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். செகுகினுமாப் போடுகிறவர்களுக்கு வாயிலும் பிறப்புறுப்பிலும் பூஞ்சைத் தொற்று வரலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

அனுமதி பெற்ற மருந்தும் திரும்பப் பெறப்பட்டதுண்டு. எஃபலிசுமாப் என்ற ஊசி, அரிதான மூளைத் தொற்று வந்ததால் 2009-ல் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது.

பிள்ளை பெறப்போகிறவர்களுக்கு இன்னொன்று. கர்ப்பத்தின் பிற்பகுதியில் போடும் இந்த ஊசிகளில் பல, குழந்தையின் ரத்தத்திலும் சேர்ந்து சில மாதம் தங்கும். பி.சி.ஜி. என்பது உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. இங்கிலாந்தில், குடல் நோய்க்காக இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்த தாயின் குழந்தை, மூன்றாம் மாதம் பி.சி.ஜி. போட்டபின் அந்தக் கிருமி பரவி இறந்தது. 2010-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. நம் ஊரில் பிறந்தவுடனே பி.சி.ஜி. போட்டுவிடுகிறார்கள். எனவே ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் தாய் சேய் அட்டையில் எழுதி வையுங்கள். பிரசவ வார்டிலும் கிராம செவிலியரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உயிருள்ள தடுப்பு மருந்துகளை எத்தனை மாதம் தள்ளிப் போடுவது என்று அவர்கள் குழந்தை டாக்டரிடம் கேட்டுச் சொல்வார்கள். மற்ற தடுப்பூசிகளை நிறுத்த வேண்டியதில்லை.