அரை பக்கெட் தண்ணீர், ஒரு தொட்டி மணல்!

‘யாரும்மா இந்த மாமா?’ என்று மட்டும்தான் என் பெண் கேட்கவில்லை. மற்றபடி அந்நியனுக்கு உண்டான சகல மரியாதையும் வீட்டில் எனக்கு நடந்துகொண்டிருந்தது.

காலை எட்டு மணிக்கு நான் ஆபீஸ் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். ராத்திரி ஒன்பதுக்குத் திரும்பினால் மறுபடியும் தூக்கம். நடுவில் விழித்துக்கொள்கிறாள் என்பதே என் மனைவி சொல்லித்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆசையாகத் தூக்கப் போனால், பாட்டியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள்... ஜாமீன் இல்லாமல் லோன் கேட்டு வந்தவனை பேங்க் மானேஜர் பார்க்கிற பார்வை! வயசு என்னவோ ரெண்டே கால்தான்.

போன கத்திரி வெயிலில்தான் இதற்கு ஒரு விடிவு பிறந்தது. உபயம் - மின்சார வாரியம்.

ஞாயிறு காலை ஏழரை மணிக்குக் கரண்ட் போச்சு. ஃபேன் நின்றது. செல்போனில் சார்ஜ் இல்லை. அதனால் கார்ட்டூனும் இல்லை. அவ்வளவுதான், தெருவைக் கூட்டுகிற அழுகை! “ஏங்க, கொஞ்ச நேரம் இவளைப் பாத்துக்குங்களேன். அடுப்புல குக்கர் இருக்கு” என்று மனைவி என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். அழுகிற குழந்தையும் வரி நோட்டீஸும் ஒண்ணு ஸார். கையில் வந்தால் என்ன செய்வதென்று தெரியாது.

கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வேப்ப மர நிழல். ஒரு பேஸினில் நாலு விரல்கடை தண்ணீர் ஊற்றி, ஒரு எவர்சில்வர் டம்ளரையும் சொம்பையும் போட்டு உட்கார வைத்தேன். அழுகை நின்றது. டம்ளரால் மொண்டு சொம்பில் ஊற்றினாள். சொம்பிலிருந்து பேஸினில் கவிழ்த்தாள். மறுபடியும் மொண்டாள். நாற்பது நிமிஷம்! நான் எந்த மீட்டிங்கிலும் அவ்வளவு நேரம் ஒரே வேலையைக் கவனமாகச் செய்ததில்லை.

திடீரென்று டம்ளரை என்னிடம் நீட்டினாள். “காப்பி...”

குடிப்பதுபோல பாவனை செய்தேன். “சூப்பரா இருக்கும்மா, சக்கரைதான் கொஞ்சம் கம்மி.” முகமெல்லாம் சிரிப்பு! அன்றைக்கு மட்டும் எனக்குப் பதினேழு காப்பி கிடைத்தது. பதினெட்டாவது டம்ளரோடு “அப்பா” என்ற வார்த்தையும் வந்தது.

தண்ணியில் என்ன இருக்கு?

நான் பி.காம். எதையும் ‘இதனால் என்ன லாபம்?’ என்று கேட்டே பழக்கம். அதனால் விசாரித்தேன்.

டம்ளரில் மொண்டு சொம்பில் சிந்தாமல் ஊற்றுவது என்பது கண், கை, மணிக்கட்டு மூன்றும் கூட்டாகச் செய்கிற வேலை. பின்னால் பென்சில் பிடிக்கப் போகிற விரல்களுக்கு இதுதான் ஒத்திகை. மான்டிசோரி பள்ளிகளில் ஒரு ஜாடியிலிருந்து இன்னொரு ஜாடிக்கு ஊற்றுவதை ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அந்த மரியா மான்டிசோரி அம்மையாருக்கும் நம்ம சென்னைக்கும் தொடர்பு உண்டு. 1939-ல் தியாசஃபிகல் சொஸைட்டியின் அழைப்பில் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதற்குள் உலக யுத்தம் வந்துவிட, இத்தாலிக்காரர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கவேண்டியதாயிற்று.

இன்னொருவர், ஸ்விட்சர்லாந்து மனோதத்துவ அறிஞர் ழான் பியாஜே. ஒரே அளவு தண்ணீரைக் குட்டையான அகல டம்ளரிலிருந்து ஒல்லியான உயர டம்ளருக்குக் குழந்தையின் கண்ணெதிரிலேயே மாற்றிவிட்டு, “எதில் ஜாஸ்தி?” என்று கேட்டால், ஆறேழு வயசு வரை பெரும்பாலான குழந்தைகள் “ஒல்லி டம்ளரில்தான்” என்று சொல்லும் என்று கண்டுபிடித்தார். மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனரின் ஐந்து வயசுப் பேரனிடம் பரீட்சித்துப் பார்த்தேன். அப்படியே சொன்னான்! (ஜூஸ் கடைக்காரர்கள் பியாஜேயைப் படிக்காமலே இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். நாமும்தான் ஏழு வயசைத் தாண்டி ஏமாறிக்கொண்டிருக்கிறோம்!) ஊற்றி ஊற்றிப் பார்க்கிற குழந்தைக்கு ‘அளவு’ என்கிற சமாசாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும்.

பிள்ளைக்கு மண் சுமந்தவன்

அடுத்த ஞாயிறு மணலுக்கு ப்ரமோஷன்.

மணல் விளையாட்டு நமக்குப் புதுசில்லை. பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குச் ‘சிற்றில் பருவம்’ என்றே ஒன்று உண்டு. பெண் குழந்தைகள் கட்டின மணல் வீட்டைப் பையன் வந்து கலைக்கிற கட்டம். பெண்பால் பிள்ளைத்தமிழில் ‘நீராடல் பருவம்’. ஆக மணலும் தண்ணியும் புலவர்களே அங்கீகரித்த ஐட்டங்கள்! அமெரிக்காக்காரர்கள் 1885-ல்தான் விழித்துக்கொண்டார்கள். பெர்லின் பூங்காக்களில் குழந்தைகளுக்காக மணலைக் குவித்து வைத்திருந்ததைப் பார்த்த ஒரு லேடி டாக்டர் சொல்லி, பாஸ்டன் நகரத்தில் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு மணல் குவியலைக் கொட்டினார்கள். அந்த நாட்டு விளையாட்டு மைதானங்களுக்கெல்லாம் அதுதான் பிள்ளையார் சுழி.

எதிர் மனையில் வீடு கட்டுகிறார்கள். மேஸ்திரியிடம் போய் ரெண்டு சட்டி மணல் கேட்டேன். “எதுக்கு ஸார்?” என்றார். “குழந்தை விளையாட.” அவர் சிரித்தார். “இது எம்-சாண்ட் ஸார். கருங்கல்லை உடைச்சு அரைச்சது. சிமென்ட்டுக்குத்தான் லாயக்கு. கொழந்தைக்கு ஆத்து மணலைப் பாருங்க.”

சரியான பேச்சு. எம்-சாண்ட் துகள்களுக்கு முனை கூர்மை. அதில் கலந்திருக்கிற கல் தூசி பறந்து மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது. ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கி வந்தது. கடைசியில் தெரிந்தவர் வீட்டில் மீந்து கிடந்த ஆற்று மணல் ஒரு மூட்டை கிடைத்தது. டூ-வீலரில் முன்னால் வைத்துக்கொண்டு வந்தேன். பிட்டுக்கு மண் சுமந்தவர் சொக்கநாதர். பிள்ளைக்கு மண் சுமந்தவன் அடியேன். முதுகில் பிரம்படி மட்டும்தான் விழவில்லை. “ஆபீஸ் போற ஆள் பண்ற காரியமா இது?” என்று அம்மாவிடமிருந்து சொல்லடி விழுந்தது.

மணலை முதலில் சலிக்கவேண்டும். கூழாங்கல், கிளிஞ்சல், ஆணி எல்லாம் வரும். மூன்று வயசுக்குள் எது கிடைத்தாலும் முதலில் போகிற இடம் வாய்தான். சின்னக் கல் தொண்டையில் சிக்கினால் ஆபத்து. அப்புறம் ரெண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசி, தட்டில் பரப்பி வெயிலில் காயவைத்து, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் முக்கால் ஜாண் உயரத்துக்குக் கொட்டினால் போதும். ராத்திரி கட்டாயம் மூடி வைக்கவேண்டும். திறந்த மணலைப் பூனை தனக்குக் கட்டிக்கொடுத்த கக்கூஸ் என்றே நினைக்கும். பூனை, நாய்க் கழிவிலிருந்து மணல் வழியாகக் குழந்தைக்குப் புழு தொற்றும்.

சாமான் வாங்கக் கடைக்கு ஓடவேண்டாம். கொட்டாங்கச்சி, பழைய ஆழாக்கு, புனல், மாவு சல்லடை, ஓரம் நசுங்கின இட்லித் தட்டு, எல்லாம் சமையலறைப் பரணிலேயே இருக்கிறது. என் மனைவி ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்: “போன சாமான் திரும்பி வரக்கூடாது.”

மணல் பதம் முக்கியம். காய்ந்த மணல் சரியும். தண்ணீர் அதிகமானால் கூழாகும். புட்டு மாவு பிசிறுகிற மாதிரி, கையில் பிடித்தால் பிடி நிற்கவேண்டும், உதிர்த்தால் உதிரவேண்டும். அந்தப் பதத்தில் மணல் பருக்கைகளுக்கு நடுவில் இருக்கிற மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. கோபுரம் நிற்பது அதனால்தான். அன்றைக்கு நானும் என் பெண்ணும் நாற்பத்திரண்டு இட்லி வார்த்தோம். ஒரு பழைய காந்தத்தை மணலில் விட்டுக் காட்டினேன். கறுப்புக் கறுப்பாக இரும்புத் தாதுப் பொடி மீசை முளைத்தது. அவள் கைதட்ட, மாடியிலிருந்து எட்டிப் பார்த்த ஹவுஸ் ஓனர் கைதட்டவில்லை.

“என்ன ஸார், தண்ணியைக் கொட்டி விளையாடறீங்க... 2019 மறந்துபோச்சா?”

எப்படி மறக்கும்? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் கிட்டத்தட்ட வற்றிப்போய், அந்த வருஷம் ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கிய ஊர் இது. அதனால் கணக்கு எழுதிக் காட்டினேன். ஒரு ஞாயிறுக்கு வரவு அரை பக்கெட். செலவு, மணல் கலக்காத தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. மணல் கலந்தது வேப்ப மரத்தடிக்கு. சாக்கடையில் விட்டால் மணல் அடைத்துக்கொண்டு ப்ளம்பருக்கு மொய் எழுதவேண்டி வரும். ஹவுஸ் ஓனர் கணக்கை ஆடிட் செய்துவிட்டுப் பேரனையும் கீழே அனுப்பினார்.

அந்த ஒரு நிமிஷம்

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிறதுக்கு. இனிமேல் சொல்வது சிரிக்கிறதுக்கில்லை.

மூன்றாவது ஞாயிறு. பையன் வரவில்லை, நானும் அவளும்தான். பக்கத்தில் அரை பக்கெட் தண்ணீர். செல்போன் அடித்தது. மானேஜர். “ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு என்னப்பா? இருபதாம் தேதி வருது, இன்னும் ரிட்டர்ன் போடலை!” டைரி உள்ளே இருந்தது. நாலு எட்டு வைத்தால் ஹால். போனேன், படித்துச் சொன்னேன், திரும்பினேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

கொல்லையில் சத்தமே இல்லை. பக்கெட்டுக்கு மேலே ரெண்டு கால் மட்டும் தெரிந்தது.

எப்படிப் பாய்ந்தேன், எப்படித் தூக்கினேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. இருமினாள். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தண்ணீர் வந்தது. அப்புறம் வீறிட்டு அழுதாள். அழுகை அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, “நல்லவேளை” என்றார். “இன்னிக்கு முழுக்க கவனிங்க. இருமல் நிக்காம இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சுருண்டு படுத்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க.”

அவர்தான் விளக்கினார். இந்த வயசுக் குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை கனம். குனிந்து எட்டிப் பார்த்தால் தலை முன்னால் இழுத்துவிடும். கையை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளத் தோளில் பலம் கிடையாது. தண்ணீர் இருக்கிற பக்கெட் கனமாக இருப்பதால் கவிழவும் கவிழாது. வாயும் மூக்கும் முழுக ரெண்டு அங்குலத் தண்ணீர் போதும். சினிமாவில் வருகிற மாதிரி “காப்பாத்துங்க” என்ற கூச்சலோ கை உதறலோ இருக்காது. எல்லாம் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும். 2021-ல் உலகம் முழுக்க நீரில் மூழ்கிச் செத்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஐந்து வயசுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024-ம் வருஷ அறிக்கை.

மனைவி என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

ராத்திரி தூங்குகிற குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். விடிகிற நேரத்தில் அவள் சொன்னது இதுதான்: “விளையாட்டை நிறுத்தவேண்டாம். போனை நிறுத்துங்க.”

கணக்குப்பிள்ளையின் விதிகள்

மறுநாள் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி கொல்லைக் கதவில் ஒட்டினேன். கல்யாணமான, ஆகப்போகிற ஆபீஸ் நண்பர்கள் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: கைக்கெட்டும் தூரம். பார்வைக்கெட்டும் தூரம் போதாது. போன் அடித்தால் அடிக்கட்டும்; வாசலில் கூரியர் வந்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ‘பெரிய குழந்தை பாத்துக்கும்’ என்பது செல்லாத செக்.

ரெண்டு: ஆரம்ப இருப்பு நாலு விரல்கடை, முடிவு இருப்பு பூஜ்யம். விளையாட்டு முடிந்ததும் பேஸின், பக்கெட் எல்லாம் கவிழ்க்கவேண்டும். பாத்ரூமில் பிடித்துவைக்கிற பக்கெட்டுக்கும் இதே சட்டம். முடியாவிட்டால் மூடி, கதவுக்கு வெளித்தாழ்ப்பாள். டெங்கு கொசு முட்டை போடுவது இப்படித் தேங்குகிற நல்ல தண்ணீரில்தான். முட்டை பக்கெட் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் தேய்த்தும் கழுவவேண்டும்.

மூன்று: வெயில் காலத்தில் காலை பத்துக்கு முன்னால், இல்லாவிட்டால் சாயந்திரம் நாலரைக்கு மேல். மாடித் தொட்டிக் குழாயில் முதலில் வருகிற தண்ணீர் மதியத்தில் கொதிக்கும். கையில் விட்டுப் பார்க்காமல் குழந்தை மேல் ஊற்றக்கூடாது.

நாலு: கண்ணில் மணல் விழுந்தால் கசக்கவிடாமல் சுத்தமான தண்ணீரால் அலசவேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, கால் கழுவி, நகம் வெட்டி, துண்டால் துடைத்து, அப்புறம்தான் வீட்டுக்குள் பிரவேசம். இதைக் கடைப்பிடிக்காவிட்டால் ராத்திரி படுக்கையில் மெரினா.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் ரெண்டு ஞாயிறு எனக்குத்தான் பயம். அவளுக்கு இல்லை. மூன்றாவது ஞாயிறு காலை ஆறரைக்கே என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். “அப்பா... மண்ணு.” போனை ஆஃப் செய்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

“ஞாயித்துக்கிழமை காலையில உனக்கு லைனே கிடைக்கறதில்லையே, எங்கப்பா போறே?” என்று மானேஜர் கேட்கிறார். “காப்பி சாப்பிட ஸார்” என்கிறேன்.

பொய்யில்லை. போன வாரம் முப்பத்தோரு டம்ளர். சர்க்கரைகூட இப்போதெல்லாம் சரியாக இருக்கிறது!