ஏலம் போனாலும் கடன் தீராது

"டிராக்டரைத்தான் எடுத்துட்டுப் போய் வித்துட்டாங்களே, இன்னும் என்ன சார் பாக்கி?"

மீன்சுருட்டி கடைத்தெருவில் ஒரு தம்பி என்னிடம் நோட்டீஸை நீட்டிக் கேட்டார். நான் வங்கியில் இருந்தபோதும் பலர் கேட்ட கேள்விதான். அடமானம் போனால் கடனும் போச்சு என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

அடமானம் என்பது கடனுக்குப் பாதுகாப்பு, அவ்வளவுதான். பாக்கி 8 லட்சம், ஏலத்தில் வந்தது 5 லட்சம் என்று வையுங்கள். மீதி 3 லட்சமும், வட்டியும், ஏலச் செலவும் உங்கள் பேரிலேயே நிற்கும். ஜாமீன் போட்டவர் பேரிலும் நிற்கும். 9 லட்சத்துக்குப் போயிருந்தால், செலவு போக மிஞ்சியது உங்களுக்குச் சேர வேண்டும்.

நிலத்துக்கு வருவோம். 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வங்கி நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை விற்கலாம். விற்றும் தீராத மீதிக்கு, 13(10) பிரிவின்படி கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகணும். ஆனால் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு தருகிறது. பட்டாவில் புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையிலேயே சாகுபடி நடக்கணும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே வருஷா வருஷம் அடங்கலில் பயிரைப் பதிந்து, நகல் வாங்கி வையுங்கள்.

விலக்கு உள்ள நிலத்தை வழக்குப் போட்டுத்தான் ஏலம் விட முடியும். அதிலும் தீராத மீதிக்கு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 34-ஆம் கட்டளை, 6-ஆம் விதிப்படி தனியாக டிக்ரி வாங்கி வேறு சொத்தை ஜப்தி செய்யலாம். அப்போதும் 60-ஆம் பிரிவு நமக்குத் துணை. விவசாயி குடியிருக்கும் வீடு, பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் ஏர்க் கருவி, மாடு, விதை தானியம் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. அவற்றையே அடமானம் வைத்திருந்தால் கதை வேறு.

கெடுவும் உண்டு. மீதிக் கடனுக்கு உங்களைப் பொறுப்பாக்க, பொதுவாகத் தவணை தவறிய 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டிருக்கணும். அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் கெடு புதிதாகத் தொடங்கும். அப்படிக் கையெழுத்து வாங்குவது என் வேலையாகவே இருந்தது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்த்துப் போடுங்கள்.

அந்தத் தம்பிக்கு மூன்று விஷயம் சொன்னேன். ஏலத்துக்கு முன் நோட்டீஸ் வந்ததா, என்ன விலைக்குப் போனது, செலவு எவ்வளவு என்று எழுத்தில் கணக்குக் கேளுங்கள். நடுவர் விசாரணை என்று கடிதம் வந்தால் ஒதுக்கிவைக்காதீர்கள். நீங்கள் போகாவிட்டாலும் தீர்ப்பு வரும், அது கோர்ட் டிக்ரிக்குச் சமம். பேசித் தீர்த்தால் 'பாக்கி இல்லை' என்ற சான்று வாங்காமல் கடைசித் தவணை கட்டாதீர்கள்.

2016 மார்ச்சில் நம் அரியலூர் மாவட்டத்திலேயே டிராக்டர் கடன் நெருக்கடியில் ஓர் இளம் விவசாயி உயிரை விட்டார். கடன் கணக்குக்கு உயிர் ஈடில்லை. நோட்டீஸ் வந்தால் ஒளிக்காமல் வீட்டில் சொல்லுங்கள். அரியலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அதை எடுத்துப் போங்கள்.